உத்தரவு போட ஆளில்லாத வேலை: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் திட்டமிடல்

(மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் பிரிவு, அஸ்தினாபுரம்)



டேட்டாபேஸ் பாடத்தில் நாம் டேபிள், பிரைமரி கீ, நார்மலைசேஷன், ஜாயின் என்று வரிசையாகப் படிக்கிறோம். லேபில் எஸ்.கியூ.எல். கட்டளைகளை அடித்துப் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்தும் வாங்கி விடுகிறோம். ஆனால் அந்த டேட்டாபேஸ் மென்பொருளையே எழுதுகிறவர்கள் யார்? அதில் அடுத்த வருஷம் என்ன புது வசதி வரவேண்டும் என்று முடிவு செய்வது யார்? எதை முதலில் செய்வது, எதைத் தள்ளி வைப்பது? இந்தக் கேள்விகள் நம் சிலபஸில் இல்லை. ஆனால் இறுதியாண்டில் புராஜெக்ட் செய்யும்போது, "எதை முதல்ல செய்யறது?" என்கிற கேள்விதான் ஒவ்வொரு குழுவையும் படுத்துகிறது. ஆகவே உலகம் முழுவதும் பயன்படும் ஒரு திறந்த மூல டேட்டாபேஸை எடுத்துக்கொண்டு, அங்கே இந்தக் கேள்விக்கு என்ன பதில் கண்டிருக்கிறார்கள் என்று என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் எழுதுகிறேன்.

1. திறந்த மூலம் என்றால் என்ன?

ஒரு மென்பொருளின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு வெளியிட்டால் அது திறந்த மூல மென்பொருள். இது ஏதோ அமெரிக்காக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அந்த மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்துதான் 2005-ல் மத்திய அரசின் ஆதரவோடு கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய ஆதார மையத்தைத் தொடங்கின. சி-டாக் சென்னை உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் 2007-ல் வெளிவந்தது. அஸ்தினாபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்தால் போய்விடலாம் என்கிற தூரத்தில் இப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது.

2. டேட்டாபேஸ்களை நடத்தும் மூன்று வழிகள்

திறந்த மூல டேட்டாபேஸ்கள் எல்லாம் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை. மூன்று வகைகளைப் பார்ப்போம்.

முதலாவது, ஒரு கம்பெனி முடிவு செய்வது. மை-எஸ்.கியூ.எல். இதற்கு உதாரணம். அதை 2008-ல் சன் நிறுவனம் வாங்கியது. 2010-ல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கியது. அடுத்த பதிப்பில் என்ன வரும் என்பது உரிமையாளர் கையில். இது பிடிக்காமல், அதை முதலில் உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009-ல் மரியா டி.பி. என்று தனிக்கிளை பிரித்தார்.

இரண்டாவது, நாலைந்து பேருக்குள் முடிவு செய்வது. நம் செல்போனுக்குள் இருக்கும் எஸ்.கியூ.லைட் இந்த வகை. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ல் தொடங்கியது. நிரலை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எழுதுவது மிகச் சிறிய குழு. வெளியார் எழுதி அனுப்புவதைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. 2050 வரை இதைப் பராமரிப்போம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது வகைதான் போஸ்ட்கிரெஸ். இதற்கு முதலாளி கிடையாது. எழுதுகிறவர்கள் பல நாடுகளில், பல கம்பெனிகளில் இருக்கிறார்கள். ஒருவர் மற்றவருக்கு உத்தரவு போட முடியாது. அப்படியிருந்தும் ஆண்டுக்கு ஒரு புதுப் பதிப்பு ஒழுங்காக வெளிவருகிறது. 2025 செப்டம்பரில் 18-ஆம் பதிப்பு வந்தது. இது எப்படி முடிகிறது என்பதுதான் நம் பாடம்.

3. சிறு வரலாறு

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-ல் போஸ்ட்கிரெஸ் ஆராய்ச்சியைத் தொடங்கினார். (கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த பரிசான டூரிங் விருது 2014-ஆம் ஆண்டுக்கு இவருக்குத்தான் கிடைத்தது.) பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தை முடித்துக்கொண்ட பிறகு, ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் 1994-ல் அதில் எஸ்.கியூ.எல். மொழியைச் சேர்த்தார்கள். மாணவர்கள் என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். 1996-ல் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்த ஆர்வலர்கள் அதை எடுத்து வளர்க்க ஆரம்பித்தார்கள். இன்றுவரை அப்படியே நடக்கிறது.

மேலே ஏழு பேர் கொண்ட மையக்குழு ஒன்று உண்டு. ஒரே கம்பெனி ஆட்கள் இந்தக் குழுவில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. 2020-ல் ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கியதால் அந்த அளவு மீறிப் போனது. உடனே வேறு இடங்களில் வேலை செய்யும் இருவரைப் புதிதாகச் சேர்த்துச் சரிசெய்தார்கள். இந்தக் குழு வெளியீட்டுத் தேதி, ஒழுங்கு, பாதுகாப்பு போன்றவற்றைக் கவனிக்கும். "நீ இந்த வசதியை எழுது" என்று யாரையும் ஏவாது. மூல நிரலில் நேரடியாகச் சேர்க்கும் அதிகாரம் உள்ள சுமார் 30 பேரைக் 'கமிட்டர்' என்பார்கள்.

4. ஐந்து சுற்றுத் திருவிழா

புதிதாக ஒன்று சேர்க்க விரும்புகிறவர் தன் மாற்றத்தை எழுதி, எல்லோரும் பார்க்கும்படி மின்னஞ்சலில் அனுப்புவார். இதற்குப் 'பேட்ச்' என்று பெயர். சைக்கிள் டியூப்பில் ஒட்டுகிறோமே, அதே பேட்ச்தான்.

ஒரு காலத்தில் இந்தப் பேட்சுகள் பார்ப்பாரின்றிக் குவிந்து, வருஷக் கடைசியில் மூச்சுத் திணறல் ஆனது. அதனால் 2008 முதல் 'கமிட்ஃபெஸ்ட்' என்ற முறையைக் கொண்டு வந்தார்கள். இப்போது ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என ஆண்டுக்கு ஐந்து சுற்று, ஒவ்வொன்றும் ஒரு மாதம். அந்த மாதங்களில், காத்திருக்கும் பேட்சுகளைப் பரிசீலித்து முடிவு சொல்வதற்கே முதலிடம். ஒரு சுற்றில் 200-க்கு மேல் பேட்சுகள் நிற்பதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை எழுதப்படும்:

அ) பரிசீலனை தேவை.
ஆ) எழுதியவர் பதிலுக்குக் காத்திருக்கிறது.
இ) கமிட்டர் பார்வைக்குத் தயார்.
ஈ) சேர்க்கப்பட்டது.
உ) அடுத்த சுற்றுக்கு மாற்றப்பட்டது, அல்லது கருத்துகளோடு திருப்பி அனுப்பப்பட்டது.

ஏப்ரல் மாத ஆரம்பத்தில் கதவு சாத்தப்படும். அதன் பிறகு புது வசதி எதுவும் உள்ளே வராது. மே வாக்கில் சோதனைப் பதிப்பு, செப்டம்பர் அல்லது அக்டோபரில் முழுப் பதிப்பு.

இதில் மிக முக்கியமான வழக்கம் ஒன்று. பேட்ச் அனுப்புகிறவர், அதே அளவு கடினமான இன்னொருவர் பேட்ச் ஒன்றையாவது பரிசீலிக்க வேண்டும். ஏனென்றால் எழுத ஆள் கிடைத்து விடுகிறது. அடுத்தவர் எழுதியதை உட்கார்ந்து படித்து, ஓட்டிப் பார்த்து, குறை சொல்ல ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். ஆகவே இந்தத் திட்டத்தில் உண்மையான பற்றாக்குறை பரிசீலனைதான். எதற்குப் பரிசீலிக்க ஆள் கிடைக்கிறதோ அது முன்னே போகிறது.

எங்கள் அப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறவர். எங்கள் வீட்டில் காலேஜ் படியை முதலில் மிதித்தவன் நான்தான். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது இந்தக் கமிட்ஃபெஸ்ட் சங்கதியை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "இதுல என்னடா புதுசு? தளம் போடற தேதி குறிச்சாச்சுன்னா மிக்ஸரும் ஆளுங்களும் வந்து நிப்பாங்க. எலக்ட்ரீசியன் ஒருத்தன் பைப் போடலேன்னு தளத்தை நிறுத்த முடியுமா? ரெடியா இருக்கறது உள்ள போகும், இல்லாதது அடுத்த மாடியில பாத்துக்கலாம். ஆனா ஒண்ணு, முட்டு குடுத்தவனே பாத்துட்டேன்னு சொன்னா நான் காங்கிரீட்டை ஏத்த விடமாட்டேன். வேற ஒருத்தன் ஒவ்வொரு முட்டையும் தட்டிப் பாக்கணும்" என்றார்.

நான் நாலு நாள் படித்துப் புரிந்துகொண்டதை அவர் நாலு வரியில் சொல்லிவிட்டார். தேதி மாறாது, தயாரானது மட்டும் உள்ளே, செய்தவனைத் தவிர இன்னொருவன் சரிபார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் திட்டமிடலின் மூன்று தூண்களும் இவைதான்.

5. நடந்த நான்கு நிகழ்ச்சிகள்

விதியைச் சொன்னால் போதாது, உதாரணம் வேண்டும்.

ரெப்ளிகேஷன்: ஒரு கம்ப்யூட்டரில் உள்ள டேட்டாவை அப்படியே இன்னொன்றிலும் வைத்துக்கொண்டால், ஒன்று படுத்துவிட்டாலும் மற்றது வேலையைத் தொடரும். இது போஸ்ட்கிரெஸின் உள்ளேயே இருக்க வேண்டும் என்று மையக்குழு 2008 மே மாதம் அறிவித்தது. இது இல்லாததால் பலர் வேறு டேட்டாபேஸுக்குப் போகிறார்கள் என்பது காரணம். மையக்குழு இப்படித் திசை காட்டுவது அபூர்வம். 8.4 பதிப்பிலேயே கொண்டுவரப் பார்த்தார்கள். 2008 நவம்பரில் தொடங்கிய கடைசிச் சுற்று மாதக்கணக்கில் இழுத்தது. அப்போதும் வேலை முடியவில்லை. கடைசியில் அது இல்லாமலேயே 2009 ஜூலையில் 8.4 வெளிவந்தது. வசதி முழுமையாகி 2010 செப்டம்பரில் 9.0 பதிப்போடு வந்தது. மேலிடமே விரும்பியதுகூடத் தயாராகாவிட்டால் உள்ளே போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மெர்ஜ்: ஒரே கட்டளையில் இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர் என்று சொல்லும் வசதி. 2018 ஏப்ரலில், கதவு சாத்தும் நேரத்தில் உள்ளே சேர்த்தார்கள். மற்றவர்கள் பார்த்துக் குறைகளைச் சொன்னதும், சேர்த்தவரே அதே மாதம் வெளியே எடுத்துவிட்டார். அது மறுபடி வேறு கைகளால் செப்பனிடப்பட்டு, 2022 அக்டோபரில் 15-ஆம் பதிப்பில் வந்தது. இடையில் நாலு வருஷம் போனாலும் யாரும் குடி முழுகியதாக நினைக்கவில்லை.

டிஸ்க்கில் எழுதும் சிக்கல்: டேட்டாவை டிஸ்க்கில் பத்திரமாக எழுதிவிட்டாயா என்று லினக்ஸைப் போஸ்ட்கிரெஸ் கேட்கும். முதல் முறை 'பிழை' என்று வந்து, மறுபடி கேட்டால் 'சரி' என்று பதில் வரலாம். ஆனால் டேட்டா எழுதப்பட்டிருக்காது. இது 2018-ல் வெளிச்சத்துக்கு வந்தது. புது வசதி எதுவும் இல்லை, விளம்பரப்படுத்தவும் முடியாது. ஆனாலும் பல பேர் இதில் உழைத்தார்கள். பிழை என்று வந்தால் சர்வர் தானே நின்று, தன் பதிவேட்டிலிருந்து மீண்டு எழ வேண்டும் என்று மாற்றி, 2019 பிப்ரவரியில் அப்போது ஆதரவில் இருந்த எல்லாப் பதிப்புகளுக்கும் திருத்தம் கொடுத்தார்கள்.

குறியீடாக்கம்: டேட்டாவை டிஸ்க்கிலேயே பூட்டிய குறியீடாக வைக்கும் வசதியைப் பல கம்பெனிகள் வருஷக்கணக்காகக் கேட்கின்றன. விவாதம் பக்கம் பக்கமாக நடந்திருக்கிறது. ஆனால் 18-ஆம் பதிப்பு வரை மூலத்தில் அது சேரவில்லை. எல்லோரும் கேட்பது வேறு, எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி ஒருவர் செய்து முடிப்பது வேறு.

இந்த நான்கையும் வைத்து நான் புரிந்துகொண்ட முன்னுரிமை வரிசை இது: முதலில், இருக்கும் டேட்டா தொலையக் கூடாது. இரண்டாவது, தப்பான விடை வரக் கூடாது. மூன்றாவதாகத்தான் புது வசதி. அதிலும் ஆள் இருக்கிற வேலைதான் நடக்கும்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். இதை எழுதுகிறவர்களில் நிறையப் பேருக்குக் கம்பெனிகள்தானே சம்பளம் கொடுக்கின்றன, அப்படியென்றால் பணம்தானே முடிவு செய்கிறது? பாதி உண்மைதான். சம்பளம் கொடுக்கிற இடத்துக்குத் தேவையான வசதியைத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். ஆனால் எழுதியதை வெளி ஆட்களும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பணம் பேட்சை எழுத வைக்கும். அதை உள்ளே சேர்க்க வைக்கப் பணத்தால் மட்டும் முடியாது.

6. தமிழ் எப்படி உள்ளே வந்தது?

இப்போது நமக்கு நெருக்கமான சங்கதிக்கு வருவோம். எங்கள் குழுவின் புராஜெக்ட் ஒரு தமிழ்ப் புத்தகப் பட்டியல். தேடுகிறவர் 'மரம்' என்று அடித்தால் 'மரங்கள்', 'மரத்தில்', 'மரத்தை' என்று தலைப்பில் இருப்பதும் வர வேண்டும். கம்ப்யூட்டருக்கு இவை நான்கும் வெவ்வேறு சொற்கள். விகுதியையும் உருபையும் கழித்து அடிச்சொல்லுக்குக் கொண்டுபோகும் நிரல் தேவை. இதை 'ஸ்டெம்மர்' என்கிறார்கள். இலக்கண வகுப்பில் பகுதி, விகுதி, இடைநிலை என்று பிரித்தோமே, அதே வேலையை மெஷின் செய்கிறது.

2019 அக்டோபரில் வந்த போஸ்ட்கிரெஸ் 12-ஆம் பதிப்பில் தமிழ் ஸ்டெம்மர் இருக்கிறது. அரபு, இந்தோனேசியம், ஐரிஷ், லிதுவேனியம், நேபாளி ஆகியவையும் கூடவே வந்தன. இந்தி 2021-ல் 14-ஆம் பதிப்பில் வந்தது. தமிழ் ஏன் முதலில் வந்தது? தமிழுக்கு முன்னுரிமை என்று எங்கேயோ கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்களா? இல்லை. 'ஸ்னோபால்' என்ற தனித்திட்டத்தில் பல மொழிகளுக்கான விதிகளை எழுதுகிறார்கள். அங்கே தமிழுக்கான விதிகளை ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்திருந்தார். போஸ்ட்கிரெஸ் அந்தத் திட்டத்தின் புதுப்பதிப்பை எடுத்துக்கொண்டபோது தமிழும் சேர்ந்து வந்துவிட்டது. வேலை தயாராக இருந்தது, அதனால் உள்ளே வந்தது. மொழியின் பழம்பெருமையை யாரும் கேட்கவில்லை.

ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஆங்கிலம், பிரெஞ்சு, நேபாளி உள்ளிட்ட சில மொழிகளுக்கு, தேடலில் ஒதுக்க வேண்டிய சாதாரணச் சொற்களின் பட்டியலும் போஸ்ட்கிரெஸோடு வருகிறது. தமிழுக்கு 18-ஆம் பதிப்பு வரை அந்தப் பட்டியல் இல்லை. 'ஒரு', 'இந்த', 'அந்த', 'என்று', 'மற்றும்' போன்ற சொற்களையும் அது தேடும் சொல்லாகவே எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவிலோ ஜப்பானிலோ உட்கார்ந்திருக்கும் கமிட்டருக்கு 'என்று' ஒதுக்க வேண்டிய சொல் என்று எப்படித் தெரியும்? நமக்குத்தான் தெரியும். சொல்கிற ஆள் சொல்லாத வரை, அது யாருடைய பட்டியலிலும் முதலில் வராது.

இது ஏதோ பத்து நிமிஷ வேலை என்றும் எண்ண வேண்டாம். 'இல்லை' என்ற சொல்லை ஒதுக்கலாமா? 'மேல்' என்பதை ஒதுக்கினால் 'மேல்' என்று தொடங்கும் ஊர்ப் பெயர்கள் என்ன ஆகும்? 'ஒரு'வை ஒதுக்கினால் 'ஓர்' எங்கே போகும்? ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் எழுதி, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். ஸ்டெம்மரையும் லேபில் சோதியுங்கள். நூறு சொல் கொடுத்து, எவை சரியான அடிச்சொல்லுக்குப் போகின்றன, எவை போகவில்லை என்று ஒரு டேபிள் போடுங்கள். அந்த டேபிளே ஒரு பரிசீலனை அறிக்கை. அப்படிப்பட்ட அறிக்கைக்குத்தான் அங்கே பஞ்சம் என்று முன்பே பார்த்தோம்.

7. நம் புராஜெக்ட்டுக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்?

ஐந்து பேர் குழுவுக்கும் இதே முறை பொருந்தும். எங்கள் குழு கடைப்பிடிக்கும் விதிகளைத் தருகிறேன்.

1) முடிவுத் தேதியை முதலில் எழுது. தேதி நகராது, வசதிகள்தான் நகரும்.
2) ஆசைப்பட்டியல் வேறு, வேலைப்பட்டியல் வேறு. யார் செய்வது என்று பெயர் எழுதாத வரி ஆசைப்பட்டியலில் இருக்கட்டும்.
3) ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே சேர்க்க வேண்டும். எழுதுகிற ஒவ்வொருவரும் சரிபார்க்கவும் வேண்டும்.
4) கலர் ஸ்கிரீன் பிறகு. டேட்டா பத்திரமா, விடை சரியா என்பது முதலில்.
5) பாதியில் நிற்பதைக் கடைசி வாரத்தில் திணிக்காதே. எடுத்து வைத்துவிட்டு, அடுத்து வரும் ஜூனியருக்குக் குறிப்பு எழுதி வை.

முடிவுரை

நண்பர்களே! டிப்ளமோதானே என்று நம்மைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. இன்டர்வியூ அறைக்குள் போகும் முன்பே காலேஜ் பெயரைக் கேட்டு ஒதுக்குவதும் உண்டு. போஸ்ட்கிரெஸ் போன்ற இடத்தில் பேட்ச் அனுப்ப மார்க் ஷீட் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் எழுத வேண்டும், அது தமிழ் மீடியத்தில் படித்து வந்த எனக்கும் தயக்கம்தான். ஆனால் அங்கே அலங்கார ஆங்கிலம் தேவையில்லை. "இதை இப்படி ஓட்டினேன், இந்த விடை வந்தது, இது வந்திருக்க வேண்டும்" என்ற மூன்று வரி போதும். ரெக்கார்டு நோட்டில் நாம் வாராவாரம் எழுதுகிற அதே மூன்று வரி.

தமிழுக்கான ஒதுக்குச் சொல் பட்டியலை நம் பிரிவு மாணவர்கள் இந்த செமஸ்டரில் தொடங்கலாம் என்பது என் வேண்டுகோள். முதல் ஐம்பது சொற்களைக் காரணத்தோடு நான் எழுதி வைத்திருக்கிறேன். லேப் அலமாரியில் பச்சை அட்டை போட்ட நோட்டில் இருக்கிறது. அவற்றைத் தட்டிப் பார்த்து, எது சரி, எது தப்பு என்று சொல்ல இன்னொருவர் வேண்டும். முதல் வருஷம், மூன்றாம் வருஷம் என்ற பேதமில்லை, யார் வேண்டுமானாலும் வரலாம்.